ஒம்போது பேரு, ஒரே பேரு

போன இதழ்ல வேற ஏதோ ஒரு கேள்விக்குப் பதில் சொல்றப்ப போறபோக்குல "சுப்ரீம்ஸ் மாதிரி மூணு பொண்ணுங்க சேந்து பாடுற குழு"ன்னு ஒரே ஒரு வரிதான் எழுதினேன், அதுக்கு வந்த கடுதாசியும் வாட்ஸ்அப்பும் இருக்கே, குறுவை நேரத்துல டிராக்டர் வச்சிருக்கறவனுக்கு வர்ற போன் மாதிரி நிக்கவே இல்ல. ஆசிரியரும் "இந்த மாசம் முழுக்க அதையே போட்டுருங்க சார்"னுட்டார். சரின்னு ஒக்காந்துட்டேன். தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்த: சுப்ரீம்ஸ்ங்கிறது அமெரிக்காவுல டெட்ராய்ட் ஊர்ல, மோடவுன்ங்கிற ரெக்கார்டு கம்பெனியில 1960கள்ல பாடுன கறுப்பினப் பொண்ணுங்க குழு. சோல்னு சொல்ற அந்தப் பாட்டு வகையில, சர்ச்சுல உருகிப் பாடுற பாட்டும் டான்ஸ் பாட்டும் கலந்தாப்ல இருக்கும்னு வச்சுக்கங்களேன், இவங்களுக்கு மேல பேரு வாங்குன பொண்ணுங்க குழு கெடையாது.

"சுப்ரீம்ஸ்னா டயானா ராஸ்தானே சார்? மத்த ரெண்டு பேரும் பின்னாடி நின்னு ஊ ஊன்னு சொன்னவங்கதானே?" (கும்பகோணம் வாசகர்)

நம்ம ஊர்க்காரராப் போயிட்டீங்க, திட்டவும் முடியல. பாதிப் பேரு இப்படித்தான் நெனச்சிட்டு இருக்காங்க, நானும் கேசட் ரெக்கார்டிங் கடை வச்சிருந்த காலத்துல அப்படித்தான் நெனச்சேன், மகாமகக் குளத்துக்குப் பக்கத்துச் சந்துல ஆறுக்கு எட்டு கடை, கஸ்டமர் லிஸ்ட் குடுத்தா நான் கேசட் மேல ஸ்கெட்ச் பேனாவுல 'டயானா ராஸ் ஹிட்ஸ்'னுதான் எழுதிக் குடுப்பேன்.

ஆனா அந்தக் குழுவ ஆரம்பிச்சது ஃப்ளாரன்ஸ் பாலார்ட். 1959, அந்தப் பொண்ணுக்குப் பதினஞ்சு பதினாறு வயசு, டெட்ராய்ட்ல ப்ரூஸ்டர்னு சொல்ற கவர்மென்ட் குடியிருப்புல இருந்த குடும்பம். ப்ரைம்ஸ்னு ஒரு ஆம்பளப் பசங்க குழு இருந்துச்சு, அதுல இருந்தவங்க சில பேரு பின்னாடி டெம்ப்டேஷன்ஸ்னு பெரிய ஆளானாங்க, அவங்களுக்கு ஜோடியா ஒரு தங்கச்சி குழு வேணும்னு மேனேஜர் தேடுனப்ப ஃப்ளாரன்ஸ் சிக்குச்சு, ஃப்ளாரன்ஸ் தன் ஸ்நேகிதி மேரி வில்சன இழுத்துட்டு வந்துச்சு, அப்பறம் டயானா, பெட்டி மெக்லோன், ஆக நாலு பேரு, பேரு ப்ரைமெட்ஸ். மறு வருஷமே பெட்டி கெளம்பிருச்சு, அந்த எடத்துக்கு பார்பரா மார்ட்டின். ஸ்கூல் விட்டதும் நேரா மோடவுன் ஸ்டுடியோ வாசல்ல போயி நிக்கிறது, வேற யாரோ பாட்டுக்குக் கைதட்ட ஆள் வேணும்னா உள்ள போயி தட்டிக் குடுக்குறதுன்னு சுத்தி சுத்தி வந்து, 1961 ஜனவரி 15ல காண்ட்ராக்ட் வாங்கிட்டாங்க. பேர மாத்துன்னாங்க கம்பெனியில. ஒரு லிஸ்ட் குடுத்தாங்க, அதுல ஃப்ளாரன்ஸ் கைய வச்ச பேருதான் சுப்ரீம்ஸ். மத்த பொண்ணுங்களுக்குப் புடிக்கவே இல்ல, இது ஏதோ ஆம்பளைங்க குழு மாதிரி இருக்கேன்னு டயானாவுக்கு முணுமுணுப்பு.

பார்பரா 1962ல விலகினதும் இனி நாலாவது ஆள் வேணாம், மூணு பேரே போதும்னு நின்னுட்டாங்க. பாட்டு மேல பாட்டு வந்து ஒண்ணும் ஓடல, கம்பெனிக்குள்ளயே "ஹிட் இல்லாத சுப்ரீம்ஸ்"னு கிண்டல். அந்த நேரத்துலதான் மொதலாளி பெர்ரி கார்டி டயானாதான் இனி முன்னணிக் குரல்னு முடிவு பண்ணாரு. ஃப்ளாரன்ஸுக்குக் கோயில் மணி மாதிரி கனத்த குரல், மைக்க விட்டுத் தள்ளி நிக்கணும். டயானாவுக்கு மெலிசான, மூக்கோரம் வர்ற குரல், ஆனா சின்ன டிரான்சிஸ்டர்லயும் கார் ரேடியோவுலயும் அதுதான் துல்லியமா வெட்டிக்கிட்டு வரும். வியாபாரக் கணக்குல கார்டி பண்ணது தப்புன்னு என்னால சொல்ல முடியல. பின்னாடி நின்னவங்க சும்மா நின்னாங்கன்னும் சொல்ல முடியல.

"எழுபதுகள்ல ராத்திரி நேரத்துல இலங்கை வானொலி இங்கிலீஷ் சேவை எங்க ஊருக்குப் பக்கத்து வீட்டுல பேசுற மாதிரி கேக்கும். ஒரு பாட்டு 'பேபி பேபி'ன்னு ஆரம்பிக்கும், அதுக்கு முன்னாடி யாரோ ஒலக்கையால குத்துற சத்தம். எங்கம்மா 'யாருடி இந்த நேரத்துல நெல்லு குத்துறா'ன்னு கேட்டது இன்னும் ஞாபகம். அது இவங்க பாட்டா?" (வேதாரண்யம் வாசகி)

இவங்க பாட்டேதாம்மா. 'வேர் டிட் அவர் லவ் கோ', 1964. உங்கம்மா காது பொல்லாத காதுங்க. அது டிரம் சத்தம் கெடையாது, பலகைய வச்சு அது மேல ஆள் காலால மிதிச்ச சத்தம்! மோடவுன் ஸ்டுடியோங்கிறது ஒரு சாதாரண வீடு, அத வாங்கி மாத்திக் கட்டி, வாசல்ல 'ஹிட்ஸ்வில் யுஎஸ்ஏ'ன்னு போர்டு மாட்டிட்டாங்க, அங்க வாசிச்சவங்க அந்த ரூமுக்கு வச்ச பட்டப்பேரு பாம்புக் குழி. அங்க இருந்து மிதிச்ச மிதி வேதாரண்யத்துல உப்பளத்தத் தாண்டி உங்க வீட்டுத் திண்ணையில நெல்லு குத்தியிருக்கு பாருங்க.

அந்தப் பாட்டுக்குப் பின்னாடி ஒரு கத. எழுதினது ஹாலண்ட், டோசியர், ஹாலண்டுன்னு மூணு பேரு, அண்ணன் தம்பி ரெண்டு பேரும் கூட ஒரு சிநேகிதரும். அத மொதல்ல மார்வலெட்ஸ்னு அதே கம்பெனியோட இன்னொரு பொண்ணுங்க குழுவுக்குத்தான் குடுத்தாங்க, அவங்க சின்னப்புள்ளப் பாட்டா இருக்குன்னு தள்ளி விட்டுட்டாங்க. இவங்களுக்கும் புடிக்கல, ஆனா 'ஹிட் இல்லாத'ங்கிற பட்டத்த வச்சிக்கிட்டு வேணாம்னு சொல்ல முடியுமா? அந்தக் குழுவோட பாடகிக்கு ஏத்த மாதிரி கீழ் சுருதியில போட்ட மெட்டு, டயானா எப்பவும் பாடுற எடத்த விட்டு எறங்கிப் பாட வேண்டியதாப் போச்சு, அந்த எறங்குன குரல்தான் நமக்குக் கெறக்கம்.

பாட்டு வந்த நேரத்துல இவங்க பஸ்ல ஊர் ஊராப் போற ஒரு பெரிய கச்சேரி டூர்ல இருந்தாங்க. நோட்டீஸ்ல இவங்க பேரே இல்ல, 'மற்றும் பலர்'லதான் இருந்தாங்க. நம்ம ஊர் திருவிழா நோட்டீஸ்ல கடைசி வரி இருக்குமே, அதேதான். டூர் போகப் போக பாட்டு மேல ஏறுது, இவங்க மேடைக்கு வந்தா கூட்டம் கத்துது, டூர் முடியறப்ப இவங்கதான் கச்சேரிக்கே தலப்பு. ஆகஸ்ட்ல நம்பர் ஒன். அதோட சேத்து வரிசையா அஞ்சு பாட்டு நம்பர் ஒன், 1969 முடியறதுக்குள்ள மொத்தம் 12. அதுல 10 அந்த மூணு பேர் கூட்டணி எழுதினது.

"எங்கப்பா தவில். ஒரு செட்டுல நாயனம் மாறினா செட்டே மாறிடுச்சும்பாங்க, தவில் மாறினா யாரும் கேக்க மாட்டாங்க. சுப்ரீம்ஸ்ல மொத்தம் எத்தன பேரு மாறினாங்க, ஆளு மாறினப்பறம் அது அதே செட்டுதானா?" (மன்னார்குடி வாசகர்)

தம்பி, அப்பாவுக்கு என் வணக்கத்தச் சொல்லுங்க. வந்ததுலயே எனக்குப் புடிச்ச கேள்வி இதுதான்.

ப்ரைமெட்ஸோட போன பெட்டிய விட்டுட்டா சுப்ரீம்ஸ்ங்கிற பேர்ல இருந்தது மொத்தம் ஒம்போது பேரு. நம்ம தமிழ்ல ஆளுக்கும் பேருதான், பேருக்கும் பேருதான், அந்தக் குழுவோட மொத்தச் சண்டையும் இந்த ஒரே வார்த்தைக்குள்ள அடங்கிருது.

1967ல பெர்ரி கார்டி குழுப் பேர 'டயானா ராஸ் அண்ட் த சுப்ரீம்ஸ்'னு மாத்தினாரு. நம்மூர்ல இத வெளக்கவே வேணாம். ஊர்ப் பேர்ல இருக்குற செட்டுக்கும் 'இன்னார் குழுவினர்'னு போட்ட செட்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்கப்பாவுக்குத் தெரியும், 'குழுவினர்'ல போயிட்டா அப்பறம் அந்த னர்-ல எத்தன ஆளு வந்தா என்ன போனா என்ன, சம்பளம் பேசுறதும் இன்னாருகிட்டதான் பேசுவாங்க. அதே வருஷம் நடுவுல ஃப்ளாரன்ஸ் வெளிய, பட்டி லபெல்ங்கிற இன்னொரு பாடகியோட குழுவுல இருந்து சிண்டி பேர்ட்சாங் உள்ள. சிண்டிக்கு ஃப்ளாரன்ஸ் சாயல் இருந்துச்சு, தூரத்துல இருந்து பாக்குறவனுக்கு ஆள் மாறினதே தெரியாது.

அப்பறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் செரிக்கல. பன்னெண்டாவது நம்பர் ஒன் பாட்டு 'சம்டே வீ வில் பி டுகெதர்', என்னிக்காவது ஒரு நாள் ஒண்ணு சேருவோம்னு அர்த்தம், அதுல பின்னணி பாடினது மேரியும் இல்ல சிண்டியும் இல்ல, வேற பாடகிகளக் கூட்டிட்டு வந்து பாட வச்சாங்க. ரெக்கார்டு மேல மட்டும் சுப்ரீம்ஸ்னு பேரு. நாயனக்காரர் ஒருத்தர்தான் நெசம், தவிலு, ஒத்து, தாளம் எல்லாம் வேற செட்டுல வாடகைக்கு எடுத்து வாசிச்சுட்டு செட்டு பேரப் போட்ட மாதிரி.

டயானா கடைசியா அவங்களோட மேடையேறினது 1970 ஜனவரி 14, லாஸ் வேகஸ்ல. இங்க நாம பொங்கல் வைக்கிற தேதி. காண்ட்ராக்ட் போட்டது மாட்டுப் பொங்கல் தேதியில, பிரிஞ்சது ஒம்போது வருஷம் கழிச்சு பொங்கல் தேதியில. அன்னிக்கு ராத்திரியே மேடையில புதுப் பொண்ணு ஜீன் டெரல அறிமுகப்படுத்திட்டாங்க, முகமது அலியோட 1967ல சண்ட போட்ட எர்னி டெரல் இருக்காரே, அந்தக் குத்துச்சண்ட வீரரோட தங்கச்சி. அப்பறம் 1972ல சிண்டி போயி லிண்டா லாரன்ஸ், 1973ல ஜீனும் லிண்டாவும் போயி ஷெரி பெய்ன் வந்தாங்க, போன சிண்டி திரும்ப வந்தாங்க, 1976ல சிண்டி மறுபடி போயி சுசாய் க்ரீன். இத்தன பேரு வந்து போனப்பவும் ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் எடத்த விட்டு நகராம நின்னது மேரி வில்சன் ஒருத்தர்தான். கடைசிக் கச்சேரி லண்டன்ல, 1977 ஜூன் 12. மேட்டூர்ல தண்ணி தெறக்குற தேதியா நமக்கு மனசுல பதிஞ்சு போன அதே ஜூன் 12ல அங்க மதக மூடிட்டாங்க.

அதே செட்டுதானான்னு கேட்டீங்க. ஆமாங்கிறேன் நான், மேரி நின்ன வரைக்கும் அதே செட்டுதான். நடுக்குரல் பாடுறவங்களுக்குப் பாட்டுல தனியா ஒரு வரி கூட இருக்காது, ஆனா மேல பாடுறவளுக்கும் கீழ பாடுறவளுக்கும் சுருதி சேத்து வைக்கிறது அவங்கதான். உங்கப்பாகிட்ட கேளுங்க, ஒத்து ஊதுறவருக்கு யாரும் மால போட மாட்டாங்க, ஆனா அவரு ஒரு நிமிஷம் வாய எடுத்துட்டா என்ன ஆகும்னு.

"எங்க நன்னா (தாத்தா) சிங்கப்பூர்ல சபுராளியா, அதான் கடல் தாண்டிப் பொழைக்கப் போனவரா, இருந்தப்ப வாங்கிட்டு வந்த எல்பி ஒண்ணு பீரோவுல கெடந்துச்சு. லேபிள்ல டாம்லா மோடவுன்னு போட்டிருக்கு, அட்டையில சுப்ரீம்ஸ்னு இருக்கு, மூணு பொண்ணுங்க படமும் இருக்கு, ஆனா டயானா ராஸக் காணோம். 'டூப்ளிகேட்டுடா, எவனோ ஏமாத்திட்டான்'னு வாப்பா சிரிக்கிறாங்க. போலியா அண்ணே?" (நாகூர் வாசகர்)

வாப்பாகிட்ட சொல்லுங்க, நன்னா ஏமாறல. லேபிளும் சரியானதுதான், அமெரிக்காவுக்கு வெளிய பல நாட்டுல மோடவுன் ரெக்கார்டு அந்தப் பேர்லதான் வித்துச்சு. நீங்க அனுப்புன போட்டோவுல பாட்டு லிஸ்ட்ல 'அப் தி லேடர் டு தி ரூஃப்' இருக்கு, அப்ப அது 1970 செட்டு, ஜீன் டெரல், மேரி, சிண்டி. டயானா போனப்பறம் போட்ட மொத எல்பி அது.

டயானா இல்லாத சுப்ரீம்ஸ டூப்ளிகேட்டுங்கிறது உங்க வாப்பா மட்டும் இல்ல, பாதி உலகமே அப்படித்தான் சொல்லுது, எனக்குக் கோவம் வர்ற எடமும் அதுதான். ஒக்காந்து கேட்டுப் பாருங்க. ஜீன் டெரல் குரல்ல ஒரு காத்தோட்டம் இருக்கு, தள்ளிப் பாட மாட்டாங்க, பின்னாடி மேரியும் சிண்டியும் இந்தத் தடவ நெசமாவே பாடுறாங்க, அது காதுல விழுது. அதே வருஷம் வந்த 'ஸ்டோன்ட் லவ்' அமெரிக்காவுல ஏழாவது எடம், இங்கிலாந்துல மூணாவது எடம் வரைக்கும் போச்சு. நம்பர் ஒன் ஆகலங்கிறதுக்காக அந்தப் பாட்ட ஒதுக்கி வைக்கிறது, மொத பந்தி முடிஞ்சிருச்சுன்னு ரெண்டாவது பந்தியில ஒக்காராம போற மாதிரி, சாம்பாரு அதே சாம்பாருதாங்க.

எல்பி சுத்தம் பண்றத பத்தியும் கேட்டிருந்தீங்க. ஸ்பிரிட்டு, டெட்டால், தேங்காண்ணெய் எதுவும் வேணாம், ஒருத்தர் எங்க கடையில தேங்காண்ணெய் தடவிக் கொண்டாந்து குடுத்து என் ஊசியே போச்சு. வெதுவெதுப்பான தண்ணியில ஒரே ஒரு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட், பழைய மல்லு வேட்டித் துணி, கோடு போற திசையிலயே வட்டமாத் தொடைங்க, நடுவுல இருக்குற பேப்பர் லேபிள்ல தண்ணி படக்கூடாது. நெழல்ல காய விடுங்க. ஒண்ணு மேல ஒண்ணு படுக்கப் போட்டா வளைஞ்சிரும், புஸ்தகம் மாதிரி நிமித்தி வைங்க. உங்க ஊரு உப்புக்காத்து எல்பிய ஒண்ணும் பண்ணாது, ப்ளேயரத்தான் தின்னுரும், அதனால அதுக்கு ஒரு மூடி போட்டு வைங்க.

"ஃப்ளாரன்ஸுக்கு என்ன ஆச்சு?" (திருவாரூர் வாசகி, ஒரே வரி)

ஒரே வரியில கேட்டுட்டீங்க, ஒரே வரியில என்னால சொல்ல முடியல.

தான் ஆரம்பிச்ச குழுவுல, தான் பேரு வச்ச குழுவுல, பின்னாடி நிக்க வேண்டி வந்தது அவங்கள அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. குடி பழகிச்சு, கச்சேரிக்கு வராம போனது உண்டு, கம்பெனி பக்கத்து நியாயமும் கொஞ்சம் இருந்துச்சு. 1967 ஜூலையில லாஸ் வேகஸ் கச்சேரியோட வெளிய அனுப்பிட்டாங்க. மறு வருஷம் கணக்கு முடிச்சு சுமார் 1,40,000 டாலர் குடுத்தாங்க. வேற கம்பெனியில தனியா பாடப் போனாங்க, ஆனா விளம்பரத்துல 'முன்னாள் சுப்ரீம்ஸ்'னு போட்டுக்கக் கூடாதுன்னு ஒப்பந்தம்! பேர லிஸ்ட்ல இருந்து பொறுக்கி எடுத்தது அவங்க, அந்தப் பேரச் சொல்லிக்க அவங்களுக்கு மட்டும் உரிமை இல்ல. ரெண்டு பாட்டு வந்துச்சு, ஓடல, எல்பிய வெளியிடாமலே நிறுத்திட்டாங்க. வந்த பணமும் கைய விட்டுப் போச்சு, வக்கீல் ஏமாத்திட்டாருன்னு வழக்கு, அப்பறம் மோடவுன் மேல வழக்கு, அது தள்ளுபடி. வீடு கடன்ல போச்சு. மூணு பொண்ணுங்கள வச்சிக்கிட்டு அரசாங்க உதவிப் பணத்துல காலம் ஓடுச்சு. 1976 பிப்ரவரி 22, நெஞ்சடைப்பு. வயசு 32.

1961ல ஒரு பாட்டு, 'பட்டர்ட் பாப்கார்ன்', அதுல முன்னணிக் குரல் ஃப்ளாரன்ஸ். கம்பெனியில சேந்த மொத வருஷம், யாரும் யாரையும் பின்னாடி தள்ளாத நேரம். யூடியூப்ல கெடைக்குது, கேளுங்க. சிரிச்சுக்கிட்டே பாடியிருப்பாங்க.

டயானாவ வில்லியாக்கச் சொல்லி ரெண்டு மூணு கடுதாசி வந்திருக்கு, அந்த வேலைய நான் செய்யல. அந்தப் பொண்ணும் அதே கவர்மென்ட் குடியிருப்புல இருந்து வந்ததுதான், ஒழைச்சிச்சு, கெடைச்சத புடிச்சிக்கிச்சு. முன்னாடி நிறுத்துனது யாருன்னு பாக்காம நின்னவள மட்டும் திட்டுறது நமக்கு ரொம்ப வசதியான பழக்கம்.

"நாங்க மூணு பொண்ணுங்க பதினோரு வருஷமா ஒரு மெல்லிசைக் குழுவுல திருவிழாவுக்குப் பாடிட்டு இருந்தோம். சம்பளத் தகராறுல போன ஆடி மாசம் என்னைய நிப்பாட்டிட்டாங்க. இப்ப அதே கலர் பட்டுப்புடவ கட்டி என் எடத்துல வேற ஒரு பொண்ணு நிக்கிது, அதுல எனக்கு வருத்தம் இல்ல, அதுக்கும் பொழப்பு வேணும். ஆனா நோட்டீஸ்ல இன்னமும் என் மூஞ்சிதான் போடுறாங்க. என்ன செய்யலாம்?" (மயிலாடுதுறை வாசகி)

அம்மா, நீங்க கேள்வி கேட்டீங்களா, இல்ல சுப்ரீம்ஸ் கதையோட மிச்சத்த எழுதி அனுப்பினீங்களான்னு எனக்கே புரியல. புதுசா வந்த பொண்ணு மேல கோவம் இல்லன்னு எழுதினீங்க பாருங்க, அந்த மனசு யாருக்கும் வராது.

மேரி வில்சன் பின்னாடி இதுக்காகவே அலைஞ்சாங்க. அமெரிக்காவுல பழைய குழுக்களோட பேரு மட்டும் யாரோ ஒருத்தர் கையில இருக்கும், அவரு நாலு புது ஆளுங்களச் சேத்து அதே பேர்ல ஊர் ஊரா கச்சேரி நடத்துவாரு, ரெக்கார்டுல பாடின கெழவி வீட்டுல ஒக்காந்து டிவியில பாப்பா. பழைய பாட்டுல பாடின ஒருத்தராவது மேடையில இருக்கணும், இல்ல நெசமாவே பேருக்கு உரிமை இருக்கணும், ரெண்டும் இல்லன்னா இது நினைவாஞ்சலிக் கச்சேரின்னு நோட்டீஸ்ல தெளிவாப் போடணும்னு ஒரு சட்டம் பல மாநிலத்துல வந்துச்சு, அதுக்காகப் பேசிப் பேசியே வயசானவங்க மேரி. 2021 பிப்ரவரியில 76 வயசுல காலமானாங்க, ரெண்டு நாள் முன்னாடி கூட புதுப் பாட்டு வெளியிடப் போறேன்னு வீடியோ போட்டிருந்தாங்க.

நம்மூர்ல அந்த மாதிரி தனிச் சட்டம் இல்ல, பைபாஸ்ல போறப்ப பாருங்களேன், பத்து கிலோமீட்டருக்கு ஒரு கும்பகோணம் டிகிரி காபி போர்டு, பித்தள டபரா வேற, கும்பகோணத்துக்காரன் நானே எறங்கிக் குடிச்சுட்டு 'எந்த ஊரு காபிடா இது'ன்னு முழிச்சிருக்கேன். அதனால நீங்க ரெண்டு வேல செய்யுங்க. உங்க படத்த நோட்டீஸ்ல போடக் கூடாதுன்னு குழு நடத்துறவருக்கு ரிஜிஸ்டர் தபால்ல ஒரு கடுதாசி, நகல் உங்ககிட்ட. அதுக்கும் அசையலன்னா வக்கீல் நோட்டீஸ், பெரும்பாலும் அதோட சரியாயிரும். அடுத்தது, நீங்க தனியா ஒரு குழு ஆரம்பிக்கிறதா இருந்தா பேர உங்க பேர்லயே டிரேட்மார்க் பதிஞ்சிருங்க, கச்சேரி மாதிரி பொழுதுபோக்குச் சேவைக்கு 41ஆவது வகுப்பு, ஆன்லைன்ல தனி ஆளுக்கு 4,500 ரூபாய் கட்டணம், பத்து வருஷத்துக்குச் செல்லும், அப்பறம் புதுப்பிச்சுக்கலாம். பேர கூட்டாளி பேர்லயோ வீட்டுக்காரர் பேர்லயோ போட்டுராதீங்க, வீட்டுக்காரர் தப்பா நெனச்சா நான் சொன்னேன்னு சொல்லுங்க.

"திருவையாறு இருக்கிற மண்ணுல ஒக்காந்துக்கிட்டு டெட்ராய்ட் பொம்பளைங்க பாட்டுக்கு ஒரு இதழா? வெக்கமா இல்ல?" (பட்டுக்கோட்டை வாசகர்)

இல்லங்க. திருவையாத்துலயே தியாகராஜர் சமாதியில பொம்பளைங்க பாடக் கூடாதுன்னு வச்சிருந்தாங்க ஒரு காலத்துல. மைசூர்ப் பக்கத்துல இருந்து வந்த பெங்களூர் நாகரத்தினம்மாதான் சொந்தக் காசப் போட்டு அங்க கோயிலக் கட்டினாங்க, பெரிய கட்சி சின்ன கட்சின்னு ஆம்பளைங்க ரெண்டா நின்னப்ப, பொம்பளைங்களச் சேத்து கோயிலுக்குப் பின்பக்கம் தனியா ஆராதனை நடத்தினாங்க. 1940 வாக்குலதான் எல்லாரும் ஒண்ணாச் சேந்தாங்க. நாகரத்தினம்மா பேராவது நிக்குது, சிலையும் இருக்கு. அன்னிக்கு அவங்களோட பின்பக்கம் ஒக்காந்து பாடின பொம்பளைங்க பேரு உங்களுக்கு ஒண்ணு தெரிஞ்சாலும் எழுதி அனுப்புங்க, அடுத்த இதழ் முழுக்க அவங்கதான்.

"மூணு பேருமே முன்னணியாப் பாடின பாட்டு ஏதாவது இருக்கா? நான் இசைக் கல்லூரியில படிக்கிறேன்." (திருவையாறு மாணவி)

இருக்கும்மா, 'நேத்தன் ஜோன்ஸ்', 1971. ஜீன், மேரி, சிண்டி மூணு பேரும் பாட்டோட பெரும்பகுதிய ஒரே சுரத்துல சேந்து பாடுறாங்க, ஆராதனையில பஞ்சரத்னம் பாடுறப்ப யாரு குரல் எதுன்னு தெரியாம ஒண்ணாப் போகுமே அப்படி. இங்கிலாந்துல அஞ்சாவது எடம் வந்துச்சு. ஹெட்போன் போட்டுக் கேளு, மொதத் தடவ ஒரே குரலாத் தெரியும், மூணாவது தடவ கேக்குறப்ப நடுவுல கொஞ்சம் கரகரப்பா ஒரு குரல் தனியாப் பிரியும் பாரு, அது மேரி.

"டயானா மறுபடி எல்லாரையும் சேக்கவே இல்லையா?" (சீர்காழி வாசகர்)

2000ல ஒரு டூர் அறிவிச்சாங்க. மேரியும் சிண்டியும் வரல, சம்பளப் பேச்சு சரியா வரல. அதனால டயானாவோட மேடை ஏறினது ஷெரி பெய்னும் லிண்டா லாரன்ஸும், ரெண்டு பேரும் நெசமான சுப்ரீம்ஸ்தான், ஆனா டயானா இருந்த காலத்துல அவங்க இல்ல, அவங்க வந்தப்ப டயானா இல்ல. டிக்கெட் விக்கல, பாதியிலயே நிறுத்திட்டாங்க.

திருத்தம்

முன்னாடி ஒரு இதழ்ல சிண்டி பேர்ட்சாங்க டெட்ராய்ட் பொண்ணுன்னு எழுதிட்டேன். ஒரத்தநாட்டுல இருந்து ஒரு ரிட்டயர்டு வாத்தியார் போன் பண்ணி அர மணி நேரம் வாங்கு வாங்குன்னு வாங்கினாரு. அவங்க நியூ ஜெர்சிக்காரங்க. 1988ல ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்ல சுப்ரீம்ஸ்னு சேத்தப்ப டயானா, மேரி, ஃப்ளாரன்ஸ் மூணு பேரத்தான் சேத்தாங்க, சிண்டி பேரு அதுலயும் இல்ல. ரெண்டு தடவ வந்து ரெண்டு தடவ போனவங்க, நானும் ஊரு மாத்தி எழுதிட்டேன். வாத்தியார் ஐயா, மன்னிச்சிருங்க.